ஊரை அறிதல்: காவேரி நாட்டுக் கிராமங்களுக்கு ஒரு பாடம்

தஞ்சை நாட்டில் நிலமுள்ள எவரைக் கேட்டாலும், தம் நிலம் இத்தனை மா என்று உடனே சொல்லிவிடுவார். அந்நிலத்திற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் பெயர் யாது, அஃது எந்த ஆற்றில் எந்தத் தலைப்பிலிருந்து பிரிகின்றது, எந்த ஊர்களைக் கடந்து எங்கே வடிகின்றது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. ஊர்க் கோயிற் சுவரில் எழுத்து இருப்பதை அனைவரும் தினந்தோறும் பார்க்கின்றனர். அதில் எழுதியுள்ளது யாது என்று விசாரித்தவர் அரியர்.

இவ்வறியாமையால் நேரும் நஷ்டம் சிறிதன்று. பெயர் மறந்துபோன வாய்க்கால் முதலில் தூர்கின்றது, பிறகு குறுகுகின்றது, முடிவில் பக்கத்து வயலோடு வயலாகிவிடுகின்றது. அதனை மீட்கவேண்டுமென்று ஊரார் விரும்பும் காலத்தில், அஃது இருந்த இடத்தைக் காட்ட ஒருவரும் இரார். குளமும், மேய்ச்சல் தரையும், கல்லில் வெட்டிய எழுத்தும் இவ்வாறே மறைகின்றன. ஆகவே, தன் ஊரின் பூர்வ விருத்தாந்தத்தையும், கட்டடங்களையும், மரம் புள் முதலியவற்றையும் அறிந்து எழுதிவைப்பது பண்டிதர்களுக்கு மாத்திரம் உரிய காரியம் என எண்ணுவது தவறு. பொதுச் சொத்தைக் காக்க விரும்பும் ஒவ்வொரு ஐக்கிய சங்கத்தாரும் செய்யவேண்டிய காரியம் அது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், அதன்பின் 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி ஜில்லாக்களாகப் பிரிந்தன. எல்லைகள் பிரிந்தாலும் நீர் ஒன்றே. ஆதலால் இப்பாடம் அந்நீர் செல்லும் வழியைப் பின்பற்றி, மேற்கே முக்கொம்பில் தொடங்கிக் கிழக்கே கடலில் முடிகின்றது.

1. மண்ணும் ஆறும்

மற்றப் பிரதேசங்களில் சிற்றாறுகள் பல கூடி ஒரு பேராறாகும். தஞ்சை நாட்டிலோ ஒரு பேராறு பல கிளைகளாகப் பிரிந்து சிற்றாறுகளாகின்றது. இந்நாடு முழுவதும் காவேரி கொண்டுவந்து குவித்த வண்டலால் ஆயது. வெள்ளக்காலத்தில் ஆறு கரையை மீறும்போது கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே இட்டுச் செல்கின்றது. அதனால் ஆற்றை ஒட்டிய படுகை நிலம் உயர்ந்தும், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்ந்தும் இருக்கும். பாசன வாய்க்கால் மேட்டின் வழியாகவும், வடிகால் பள்ளத்தின் வழியாகவும் செல்வதற்குக் காரணம் இதுவே. வடிகாலை அடைத்து மனை போட்டவர் தம் வீட்டிற்குள் வெள்ளத்தை அழைத்தவராவர்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. இரண்டிற்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு உள்ளது. தீவின் கீழ்க்கோடியில் இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் நேரான வழியும் மிகுந்த சரிவும் உடையது. அதன் படுகை தாழ்ந்தது. ஆகையால் காவேரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணே கடலுக்குச் செல்லும் இயல்புடையது. அதைத் தடுத்து நீரைத் தஞ்சை வயல்களுக்குத் திருப்புவதற்காகவே கல்லணை கட்டப்பட்டது. ஆழம் காணமுடியாத மணலில் பெருங்கற்களை அமிழ்த்தி, அவற்றின்மேல் கற்களைக் களிமண்ணோடு அடுக்கி எழுப்பிய அவ்வணை சுமார் 1,080 அடி நீளமுள்ளது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவேரியின் வாயில் மணல் மேடிட்டு, கொள்ளிடம் ஆழமாகி, தஞ்சைக்கு வரும் நீர் வரவரக் குறைந்தது. அதனை ஆராய்ந்த ஆர்தர் காட்டன் என்னும் இஞ்சினீயரின் யோசனைப்படி, 1836ஆம் வருஷத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையும் கட்டும் வேலை நடைபெற்றது. மணலில் அஸ்திவாரம் இடும் முறையைத் தாம் கல்லணையைக் கண்டே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டுள்ளார். மேலணை கட்டியபின் வேறொரு சங்கடம் தோன்றிற்று. காவேரியில் அளவுக்கு மிஞ்சிய நீர் புகுந்து அதன் படுகையை அரிக்கலாயிற்று. அதனை அடக்க மேலும் பல வேலைகள் செய்ய நேர்ந்தது. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் அதன் பலன் வேறோரிடத்தில் தோன்றும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிவுற்றது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு சுமார் 9,347 கோடி கன அடி. அதே திட்டத்தில் கல்லணையிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குப் புதிதாக வெட்டிய கல்லணைக் கால்வாயை ஜனங்கள் இன்றும் புது ஆறு என்றே வழங்குகின்றனர். மேட்டூர் ஏற்பட்டபின் ஜூன் மாதம் 12ஆம் தேதி நீர் திறப்பதும், ஜனவரி 28ஆம் தேதி நிறுத்துவதும் வழக்கமாயின. குறுவை, சம்பா, தாளடி என்னும் சாகுபடிகளின் நாட்கணக்கு இவ்விரு தேதிகளைத் தழுவியது. நீர்வரத்து குறைந்த வருஷங்களில் திறக்கும் தேதி தள்ளிப்போவதும் உண்டு.

பெரிய அணையாயினும் காவல் இன்றியமையாதது. 2018ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 22ஆம் தேதி, வெள்ளம் பெருகிச் சென்ற காலத்தில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற கட்டடமே அவ்வாறு வீழுமாயின், மண்ணால் ஆன ஊர் வாய்க்காலின் கரை கவனிப்பின்றி எத்தனை நாள் நிற்கும்?

2. பெயர்களே சாசனங்கள்

கல்லணையில் காவேரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பாசன நீர் பிரிகின்றது. தஞ்சைக்கு அருகே தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. நீடாமங்கலத்திற்கு அருகே, மூணாறு தலைப்பு என்று வழங்கும் இடத்தில், வெண்ணாறு மீண்டும் பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளைக்கின்றன. வடக்கே காவேரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, விக்கிரமனாறு முதலியன பிரிகின்றன.

இப்பெயர்களைச் சற்றுக் கவனித்தால் நாட்டின் சரித்திரம் விளங்கும். முடிகொண்டான் ஆறு முதலாம் இராஜேந்திர சோழனது முடிகொண்ட சோழன் என்னும் விருதுப்பெயரை நினைவூட்டுகின்றது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்து உய்யக்கொண்டான் கால்வாய் முதலாம் இராஜராஜனது விருதுப்பெயரை உடையது. திருமலைராஜனாறு 15ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட திருமலைராயன் பெயரால் வழங்குகின்றது. அரசலாற்றைப் பழைய நூல்கள் அரிசிலாறு என்று கூறும். அரசர் பெயர் கொண்ட கால்வாய்களோடு குடமுருட்டி, கோரையாறு போன்ற குடிமக்கள் சொற்களும் கலந்து நிற்கின்றன.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே. மங்கலம் என்று முடியும் ஊர்களிற் பல முற்காலத்தில் வேதியர்க்கு அளித்த சதுர்வேதிமங்கலங்கள். மயிலாடுதுறை, ஆடுதுறை என்பவை ஆற்றுத்துறைகளை ஒட்டி எழுந்தவை. குடிகாடு என்று முடிபவை காடு திருத்திக் குடியேறிய செய்தியைக் கூறுகின்றன. சத்திரம் என்னும் பெயர்களுட் பல, தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் வழிப்போக்கர்க்கு ஏற்பட்ட அன்னசத்திரங்களைச் சார்ந்தவை. திட்டு, படுகை, ஏந்தல், பொட்டல் என்று வயல்களுக்கு வழங்கும் சிறு பெயர்கள், அந்நிலத்தின் மேடு பள்ளத்தையே தெரிவிக்கும். சர்வே எண் வந்தபின் இச்சிறு பெயர்கள் முதியோர் வாயில் மாத்திரமே வாழ்கின்றன. அம்முதியோர் மறைந்தால் அவையும் மறையும்.

3. கல்லில்லாத நாட்டில் கற்கோயில்

வண்டல் நாட்டில் கல் கிடையாது. ஆகையால் இங்கே பழைய கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. 10ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிகாவல் முதலியவை அவர் திருப்பணியைப் பெற்ற தலங்கள். தஞ்சாவூரில் முதலாம் இராஜராஜன் எடுத்த இராஜராஜேசுவரத்தின் விமானம் ஏறக்குறைய 216 அடி உயரமுள்ளது. அவன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அஃதாவது 1010ஆம் வருஷத்தில், அவ்விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். ஒரு கல்லும் இல்லாத நிலத்தில் இத்துணைக் கற்கள் வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டன என்பதை எண்ணினால், அக்காலத்து வண்டியும் மாடும் பாதையும் உழைப்பும் எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்பது புலப்படும்.

திருக்கோடிகாவல் அங்கத்தினர் கவனத்திற்கு மிகவும் உரியது. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த எழுத்துக்களைத் தேவியார் அழியவிடவில்லை. அவற்றைப் படியெடுத்து, பழைய கல்லின் படி என்ற குறிப்புடன் புதுச் சுவரில் வெட்டுவித்தார். திருப்பணி செய்வோர் முதலில் எழுத்தைக் காக்கவேண்டும் என்னும் விதியை ஆயிரம் வருஷத்திற்கு முன்பே ஒரு பெண்மணி நடத்திக் காட்டினார். பிற்காலத்திலோ, சுண்ணாம்பும் எண்ணெய் வர்ணமும் பூசியும், மணலை வேகமாக வீசிச் சுவரைத் தேய்த்தும் பல ஊர்களில் எழுத்துக்கள் அழிந்தன. அவ்வாறு அழிந்த வரிகளை எவராலும் திரும்ப எழுத இயலாது.

4. சுவரில் உள்ள நிலக்கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களை 1891 முதல் சாசன இலாகாவினர் அச்சிட்டு வெளிப்படுத்தினர். அவற்றிற் காணும் செய்திகளிற் பல, அரசர் போர்களைக் காட்டிலும் கிராம வாழ்க்கையைப் பற்றியவை.

இராஜராஜன் 1001ஆம் வருஷத்தை ஒட்டி நாட்டை அளப்பித்தான். அவ்வளவையில் வந்த கணக்கே கோயிலுக்கு விட்ட கிராமங்களைப் பற்றிய சாசனத்தில் காணப்படுகின்றது. நிலம் வேலி, மா, காணி, முந்திரி என்று கூறப்பட்டுள்ளது. வேலியில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி. அதற்குக் கீழும் நுண்ணிய பின்னங்கள் உண்டு. ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் கூறு செய்தால் வரும் ஒரு கூறு வரை கணக்கில் வந்துள்ளது என்று அறிஞர் கணித்துள்ளனர். அவ்வளவு சிறிய நிலத்தை எவரும் அளந்திரார். பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒரு துளியும் விடாத கணக்கரின் ஒழுங்கையே அது காட்டுகின்றது.

இன்று தஞ்சை விவசாயி ஒரு மா என்பதை ஏறக்குறைய 33 சென்ட் என்று கொள்கின்றார். 20 மா ஒரு வேலி. சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சிறிது குறைவு. முற்காலத்து அளவுகோல் ஊருக்கு ஊர் வேறுபட்டதனால், அக்காலத்து மாவும் இக்காலத்து மாவும் ஒரே பரப்பு என்று கொள்ளலாகாது. ஆயினும் கல்வெட்டைப் படிப்பதற்கு வேண்டிய சொல் விவசாயியின் வாயிலேயே இருக்கின்றது.

அச்சாசனத்தில் மற்றொரு முக்கியமான விஷயம் உண்டு. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் கூறியபின், வரி விதிக்கத்தகாத நிலங்களைக் கழித்துக் காட்டுகின்றது. குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரின் ஊடே அறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், தொழிலாளரும் உழவுத்தொழில் செய்வோரும் வாழும் சேரிகள், சுடுகாடு ஆகியவை அவ்வாறு கழிக்கப்பட்டன. அடுத்த ஊருக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்காலும் இந்த ஊரின் கணக்கில் தனியாகக் குறிக்கப்பட்டது. பொது நிலம் ஒருவர்க்கும் தனிச் சொத்தாகாது என்ற கொள்கை இந்நாட்டில் கல்லில் எழுதப்பட்ட கொள்கையாகும். இக்காலத்தில் புறம்போக்கு என்று அலட்சியமாகக் கூறப்படும் நிலம் அதுவே.

5. சபையும் கடனும்

ஐக்கிய சங்கத்தார்க்கு நேராகப் பொருந்தும் செய்தியும் அச்சுவர்களில் உண்டு. அரசனும், அவன் தமக்கை குந்தவையாரும், பிறரும் கோயிலுக்கு அளித்த காசு பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. அது கிராம சபையார்க்கும் ஊரார்க்கும் நகரத்தார்க்கும் கடனாகக் கொடுக்கப்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் வட்டி செலுத்தவேண்டும். ஒரு காசுக்கு வட்டி அரைக்கால் காசு. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாகச் செலுத்தினால் ஒரு காசுக்கு மூன்று குறுணி. அக்கணக்கில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். ஒரு கலத்திற்குப் பன்னிரண்டு குறுணி. ஆகவே 24 குறுணிக்கு 3 குறுணி, எட்டில் ஒரு பங்கு. 100 காசு வாங்கிய சபையார் ஆண்டுக்கு 25 கலம் நெல் அளக்கவேண்டும். அளக்கும் மரக்காலும் ஆடவல்லான் என்னும் பெயரால் குறிக்கப்பட்டது. எந்த மரக்கால் என்று எழுதாமல் விட்டால் பிற்காலத்தில் வழக்கு நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

விளக்கெரிக்க விட்ட ஆடுமாடுகளின் ஏற்பாடும் இத்தன்மையதே. 96 ஆடுகளையோ, 48 பசுக்களையோ, 16 எருமைகளையோ பெற்றுக்கொண்ட இடையர், ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடுகள் மூப்பதும் இறப்பதும் உண்டாயினும், குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும் என்பது நிபந்தனை. முதல் அழியாமல் வருமானத்தை மாத்திரம் செலவிடவேண்டும் என்ற நாணயக் கொள்கை இதில் அடங்கியுள்ளது.

இவற்றைப் படித்து, அக்காலம் குறையற்ற பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. சபையில் இடம்பெற்றோர் நிலமும் குலமும் உடைய ஆடவர் சிலரே. சேரிகளில் வாழ்ந்து வயலில் உழைத்தவர்க்கு அங்கே குரல் இல்லை. அவர்களுடைய குடியிருப்பு கணக்கில் இடம்பெற்றது. அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. மதராஸ் மாகாணத்தில் 1904ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் முதல் கிராம ஐக்கிய சங்கம் தோன்றியபோது, அங்கத்தினர் ஒவ்வொருவர்க்கும் சம உரிமை என்ற புதிய கொள்கை கிராமத்திற்கு வந்தது. பழமையிலிருந்து கணக்கின் ஒழுங்கையும் கூட்டுப் பொறுப்பையும் கற்கவேண்டும். அதன் விலக்கைக் கற்கவேண்டுவதில்லை. ஊர்ச் சரித்திரம் எழுதும்போது நடவு நட்ட பெண்களின் சொல்லும், வாய்க்கால் வெட்டிய தொழிலாளரின் நினைவும் அதில் இடம்பெறவேண்டும்.

6. கேள்வியும் சாக்ஷியமும்

ஊர் விருத்தாந்தம் சேகரிப்போர், கேட்டதையும் கண்டதையும் வேறு பிரிக்கப் பழகவேண்டும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலர் கூறுவர். காலையிலோ மாலையிலோ அங்கே சென்று நிற்பவர், நீண்ட நிழல் தரையில் கிடப்பதைத் தம் கண்ணாலேயே காணலாம். விமானத்தின் சிகரம் ஒரே கல் என்பதும் அவ்வாறே. அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். பொய்யான பெருமை நீங்கினால், அவ்வளவு உயரத்தில் கற்களை இசைத்து நிறுத்திய தச்சரின் மெய்யான பெருமை வெளிப்படும்.

கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது நெடுங்கால வழக்கு. கரிகாலன் காவேரிக்குக் கரை எடுத்தான் என்று 11ஆம் நூற்றாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அவை கரிகாலனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே எழுதப்பட்டவை. இவ்விஷயத்தை ஊர் ஏட்டில் எழுதுவோர், வழக்கு இது, செப்பேடு கூறுவது இது, அதன் காலம் இது என மூன்றையும் தனித்தனியே குறிப்பாராயின், படிப்பவர் தாமே உண்மையின் நிறையை மதிப்பிட்டுக்கொள்வர்.

7. ஏரியும் புள்ளும் மரமும்

மன்னார்குடிக்கு அருகே வடுவூர் ஏரி உள்ளது. அது மேட்டூர் நீரைத் தேக்கி வயல்களுக்கு அளிக்கும் பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கிளுவை, நாமக்கோழி முதலிய புட்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும். 1999இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மனிதர் வயலுக்காக அமைத்த ஏரியே புட்களுக்கும் புகலிடமாயிற்று. ஏரி தூர்ந்தால் இரு திறத்தாரும் இழப்பர்.

கோரையாறும் பாமணியாறும் தெற்கே சென்று முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டை அடைகின்றன. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் அச்சேற்றில் வேரூன்றிய மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும். மீனும் இறாலும் அங்கே குஞ்சு பொரித்து வளரும். நீடாமங்கலத்தில் பிரிந்த நீரின் ஒரு பகுதி இங்கே வந்து சேராவிடின் சேறு உவர்மிகும். மீனவர் வலை வறுமையடையும். ஆற்று நீர் கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்று சொல்வோர் இவ்விடத்தை ஒருமுறை காணவேண்டும்.

ஊருக்குள்ளும் கவனிக்கவேண்டியவை உண்டு. கரையில் நிற்கும் பனையும் நாணலும் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய ஆகாயத்தாமரையும், நெய்வேலிக் காட்டாமணக்கும் வாய்க்காலை அடைக்கின்றன. எந்தக் கரையில் எது வளர்கின்றது என்று எழுதி வைத்தால், எந்த வாய்க்கால் அடுத்த மழைக்கு முன் சுத்தம் செய்யத்தக்கது என்பது தானே விளங்கும்.

8. சங்கத்தார் செய்யத்தக்கவை

சங்கத்தின் ஆபீஸில் ஊர் ஏடு என ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்தல் வேண்டும். செலவு அற்பம், பயன் பெரிது. அதனை நடத்தும் முறை வருமாறு:

முதலாவது, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராமப் படத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்து, வாய்க்கால், குளம், வடிகால், களம், மேய்ச்சல் தரை ஆகிய பொது நிலங்களின் சர்வே எண்ணையும் பரப்பையும் எழுதிக்கொள்ளவேண்டும். கர்ணம் பதவி 1980இல் நீக்கப்பட்ட பின்னர், பரம்பரையாக வந்த வாய்மொழி விவரங்கள் பலவும் மறைந்தன. அவற்றை முதியோரிடம் கேட்டு நிரப்பவேண்டும்.

இரண்டாவது, சித்திரை வைகாசியில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது, அங்கத்தினர் சிலர் தலைப்பிலிருந்து கடைமடை வரை கரையோடு நடந்து வரவேண்டும். மதகு, மடை, மதகின் கல்லில் உள்ள வருஷம், கரை உடைந்த இடம், அகலம் குறைந்த இடம் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்து நடப்பது உத்தமம். கடைமடைக்கு நீர் வாராத காரணத்தைத் தலைமடைக்காரர் தம் கண்ணால் கண்டால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

மூன்றாவது, கோயிலிலோ, மசூதியிலோ, சர்ச்சிலோ, சத்திரத்திலோ, வயல் நடுவிலோ எழுத்துள்ள கல் இருந்தால், அஃது இருக்கும் இடத்தைக் குறிக்கவேண்டும். அதனைச் சுரண்டுதல், எண்ணெய் தேய்த்தல், சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புதல் கூடாது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்கு தெரியும். அப்போது படம் பிடித்துத் தொல்லியல் துறையினர்க்கு அனுப்பலாம். திருப்பணி தொடங்குமுன் இதனைச் செய்வது அவசியம்.

நான்காவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு, எந்த மாதத்தில் எந்தப் புள் வருகின்றது, எந்த மரம் பூக்கின்றது என்று எழுதச் செய்யவேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு செய்திக்கும் எதிரே கண்டது, கேட்டது, ஆவணத்தில் உள்ளது என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கவேண்டும். தேதியும் இடவேண்டும்.

குடிமராமத்து என்பது ஊரார் தம் நீர்நிலையைத் தாமே செப்பனிடும் பழைய வழக்கம். அது தளர்ந்ததைக் கண்டு, 1858ஆம் வருஷத்தில் மதராஸ் மாகாணத்திற்குக் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் வழக்கம் தளர்ந்தே போயிற்று. 2017ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசினர் அப்பெயராலேயே மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பணமும் திட்டமும் வெளியிலிருந்து வரக்கூடும். எந்த வாய்க்காலைத் தூர்வாரவேண்டும், அதன் பழைய அகலம் எவ்வளவு, அது யார் யார் நிலத்திற்குப் பாய்ந்தது என்ற அறிவு ஊரிலிருந்தே வரவேண்டும். அவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் ஊர், தன் பங்கைத் தைரியமாகக் கேட்டுப் பெறும்.

ஆயிரம் வருஷத்திற்கு முன் ஒரு கணக்கர், இந்த ஊரின் ஊடே வாய்க்கால் செல்கின்றது என்று கல்லில் எழுதுவித்தார். அவ்வாய்க்கால் இன்னும் செல்கின்றதா என்று சென்று பார்ப்பது இன்றைய அங்கத்தினரின் கடமை.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர் வாய்க்கால் எந்தத் தலைப்பில் பிரிகின்றது? அதன் கடைமடை எந்த ஊர்?
2. படத்தில் இருந்து, தரையில் காணப்படாத பொது வாய்க்கால் அல்லது குளம் உண்டா? அது மறைந்தது ஏறக்குறைய எந்த வருஷத்தில்?
3. ஊர்ப்பெயருக்கும், வயல்களின் சிறு பெயர்களுக்கும் முதியோர் கூறும் காரணம் யாது?
4. ஊரில் எழுத்துள்ள கற்கள் எத்தனை? அவற்றிற்கு இப்போது ஆபத்து ஏதேனும் உண்டா?
5. நூறு காசுக்கு 25 கலம் நெல் வட்டி என்ற பழைய ஏற்பாட்டையும், நம் சங்கத்தின் கடன் விதிகளையும் ஒப்பிட்டால், எவ்வெவற்றில் ஒத்தும் எவ்வெவற்றில் வேறுபட்டும் உள்ளன?
6. ஊர் ஏட்டில் எவருடைய நினைவு இதுவரை கேட்கப்படவில்லை? அவரிடம் சென்று கேட்பவர் யார்?